நான்கு நூல் பட்டம்: நூலையும் குச்சியையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நூல் தடிமனாக இருந்தால் அறாது, குச்சி கெட்டியாக இருந்தால் ஒடியாது. புதிதாக நான்கு நூல் பட்டம் வாங்குகிறவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். நானும் போட்டேன். இருப்பதிலேயே கனமான நூலையும் விறைப்பான குச்சியையும் வாங்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். இளங்காற்றில் பட்டம் இரண்டு முறை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மணலிலேயே படுத்துக்கொண்டது.

அமெரிக்காவின் சான் டியாகோவில் ஹட்ஸிக்கி சகோதரர்கள் 1980களின் இறுதியில் கொண்டுவந்த ரெவல்யூஷன் பட்டம்தான் இந்த வகைக்கு இன்றும் அளவுகோல். ஒவ்வொரு கையிலும் ஒரு கைப்பிடி இருக்கும். அதன் மேல்முனையில் ஒரு நூல், கீழ்முனையில் ஒரு நூல். மேல்நூல்களை இழுத்தால் பட்டம் முன்னேறும். கீழ்நூல்களை இழுத்தால் பின்வாங்கும். இரண்டையும் சமன்செய்தால் வானத்தில் அப்படியே நிற்கும். இங்கே நான் சொல்லும் அளவுகள், இறக்கைவீச்சு ஏறத்தாழ இரண்டரை மீட்டருக்குள் இருக்கும் நடுத்தரப் பட்டத்துக்கானவை.

படி 1: முதலில் காற்றைப் பாருங்கள்

கருவி எதுவும் வேண்டாம். முகத்தில் காற்று படுகிறது, இலைகள் சலசலக்கின்றன என்றால் மணிக்கு 6 முதல் 11 கிலோமீட்டர் வேகம். இலைகளும் சிறு கிளைகளும் ஓயாமல் ஆடி, மெல்லிய கொடி விரிந்து பறந்தால் 12 முதல் 19. தூசியும் காகிதமும் எழும்பினால் 20 முதல் 28. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். அதனால்தான் ஒரே ஜோடி நூலும் குச்சியும் எல்லா நாளுக்கும் ஒத்துவருவதில்லை. பழகுவதற்கு நடுக்காற்றே நல்லது.

படி 2: நூலின் வலுவும் நீளமும்

இந்தப் பட்டங்களுக்கான நூல் டைனீமா அல்லது ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வரும் பின்னல் பாலிஎத்திலீன். நைலான் வேண்டாம். அது ரப்பர் போல நீளும். கையை அசைத்த பிறகு பட்டம் யோசித்துத் திரும்பும். பாலிஎத்திலீன் நூல் நீள்வது மிகக் குறைவு. போதாததற்கு வழுவழுப்பானது. பட்டம் நாலைந்து முறை சுழன்று நூல்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டாலும் அவை வழுக்கி நகரும், கட்டுப்பாடு கையை விட்டுப் போகாது.

வலுவைப் பவுண்டில் சொல்வார்கள். நடுத்தரப் பட்டத்துக்கு 90 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 கிலோ தாங்கும் நூல் போதும். இளங்காற்றுக்கு 50 பவுண்டு. பலத்த காற்றுக்கோ பெரிய பட்டத்துக்கோ 150. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 90 வாங்குங்கள். தடித்த நூல் காற்றில் தொய்ந்து பட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும். அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் பட்டம் தூக்க வேண்டியிருக்கிறது.

நீளம் 80 அடி, அதாவது சுமார் 24 மீட்டர். 120 அடி நூலில் பறக்கும் வெளி பெரிது, அசைவு நிதானம். குழுவாகப் பறக்கவிடுபவர்கள் அதை விரும்புவார்கள். 30 அடியில் எல்லாமே மின்னல் வேகத்தில் நடக்கும். புதியவருக்கு அது வேண்டாம்.

மாஞ்சாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கண்ணாடித்தூள் கிடையாது, அறுக்கும் போட்டியும் கிடையாது. ஆனாலும் இழுவையில் இருக்கும் மெல்லிய நூல் தோலைக் கிழித்துவிடும். விரலில் சுற்றிக்கொள்ளாதீர்கள். ஆள் நடக்கும் வழியில் பறக்கவிடாதீர்கள்.

படி 3: நான்கையும் சமப்படுத்துங்கள்

பலர் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். நூலின் வலுவைவிடச் சமநீளம் முக்கியம். காசை மிச்சம் பிடிக்கலாம் என்று மீன்பிடிப் பின்னல் நூலில் இரண்டு சுருள் வாங்கி, ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டிரண்டாக வெட்டினேன். அளந்துதான் வெட்டினேன். அரைமணி நேரம் பறந்த பிறகு ஒரு சுருளின் நூல்கள் மட்டும் நீண்டுவிட்டன. பட்டம் இடப்பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது. கை சரியில்லை என்று நினைத்து இரண்டு மாலைகளை வீணாக்கினேன். நீங்களே வெட்டுவதானால் நான்கையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுங்கள்.

செய்முறை எளிது. நான்கு நூல்களின் ஒரு முனையை ஒரே ஆணியில் மாட்டுங்கள். மறுமுனைக்கு நடந்து போய் நான்கையும் சேர்த்துப் பிடித்து, மெல்லப் பின்னால் சாய்ந்து ஒரு நிமிடம் இழுத்து நில்லுங்கள். புதிய நூலின் பின்னலும் முடிச்சும் அப்போதுதான் இறுகும். பிறகு நான்கு கண்ணிகளையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். நீண்டிருப்பதன் முனைமுடிச்சை அவிழ்த்து, உள்ளே தள்ளிப் போடுங்கள். ஒரு விரல் அகல வித்தியாசம்கூடப் பறக்கும்போது தெரியும்.

நூலை வெறுமனே முடிச்சிட்டால் முடிச்சிருக்கும் இடத்தில் வலு குறையும். அதனால் முனையில் தடித்த உறைக்கயிற்றைப் போர்த்தி, அதையும் சேர்த்தே கண்ணி போடுவார்கள். கடையில் வாங்கும் செட்டில் இது தயாராகவே இருக்கும். மேல்நூலுக்கு ஒரு நிறம், கீழ்நூலுக்கு வேறு நிறம் என்று உறையில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டும்போது எட்டு வடிவில் சுற்றுங்கள். வட்டமாகச் சுற்றினால் முறுக்கேறும்.

படி 4: குச்சி

ரெவல்யூஷன் வகையில் ஐந்து கார்பன் குச்சிகள். மூன்று ஒன்றோடொன்று செருகி, பட்டத்தின் மேலோரமான முன்விளிம்பாகும். இரண்டு செங்குத்தாக நிற்கும். அவற்றை 2 சுற்று, 3 சுற்று, 4 சுற்று என்று சொல்வார்கள். குழாயில் எத்தனை சுற்றுக் கார்பன் இருக்கிறது என்பதே கணக்கு. எண் கூடினால் விறைப்பும் எடையும் கூடும்.

இலை சலசலக்கும் காற்றுக்கு 2 சுற்று. கொடி விரியும் காற்றுக்கு 3. தூசி எழும்பும் காற்றுக்கு 4, கூடவே துணியில் வலைத் திறப்புகள் உள்ள பட்டம். முதல் பட்டத்துக்கு 3 சுற்றுதான் என் தேர்வு. வளைவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். திடீரென்று பலத்த காற்று வீசும்போது குச்சி சற்று வளைந்து அதை வாங்கிக்கொண்டு, பிறகு நிமிரும். ஆனால் முன்விளிம்பு வில்லாக வளைந்து, பட்டம் சொன்ன இடத்தில் நிற்காமல் தத்தளித்தால் அந்தக் காற்றுக்குக் குச்சி போதாது.

குச்சி பெரும்பாலும் செருகுமுனைக்கு அருகில்தான் பிளக்கும். பறக்கவிடும் முன் ஒரு துண்டுப் பஞ்சை எடுத்துக் குச்சியின்மேல் முனையிலிருந்து முனைவரை ஓட்டுங்கள். எங்காவது ஓர் இழை மாட்டிக்கொண்டால் அங்கே விரிசல் இருக்கிறது. விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கார்பன் சிலாம்பு ஏறினால் எடுப்பதற்குள் உயிர் போய்விடும். மாற்றுக்குச்சி ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். நீளம் கூடிய குச்சியை அறுக்க நேர்ந்தால், அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பொடிப்பல் ரம்பத்தால் அறுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பி பக்கமும் இடிமேகம் கூடும்போதும் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

படி 5: கைப்பிடியில் கடைசித் திருத்தம்

கைப்பிடியில் தொங்கும் சிறுகயிற்றில் வரிசையாக முடிச்சுகள் இருக்கும். நூலின் கண்ணியைச் சுருக்காக்கி அதில் ஒரு முடிச்சில் மாட்ட வேண்டும். பட்டம் கிளம்ப மறுத்தால் கீழ்நூல் மிகவும் இறுக்கம்; அதைக் கைப்பிடியை விட்டு ஒரு முடிச்சு தள்ளி மாட்டுங்கள். நன்றாக ஏறுகிறது, ஆனால் நிறுத்தவும் பின்வாங்கவும் முடியவில்லை என்றால் கீழ்நூலைக் கைப்பிடியை நோக்கி ஒரு முடிச்சு. இரண்டு கைக்கும் ஒரே முடிச்சு எண். ஒரு தடவைக்கு ஒரே முடிச்சுதான் மாற்றுங்கள். மாற்றியதும் பத்து நிமிடமாவது பறக்கவிட்டுப் பாருங்கள்.