லிட்டில் ராக் பாடத்தை எப்படி நடத்துவது: ஒரு வரலாற்று ஆசிரியரின் குறிப்பு

வெள்ளையர் மட்டுமே படித்த அமெரிக்க அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பை நடத்தும்போது, எலிசபெத் எக்ஃபோர்டின் புகைப்படத்தில் தொடங்குங்கள். 1957 செப்டம்பர் 4, ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரம். பதினைந்து வயதுப் பெண், வெள்ளை உடை, கறுப்புக் கண்ணாடி, பின்னால் கத்திக்கொண்டு வரும் கூட்டம். அந்தப் பள்ளியில் சேரவிருந்த ஒன்பது கறுப்பின மாணவர்களும் சேர்ந்து போவதாக இருந்த ஏற்பாடு அவளுக்குத் தெரியாது. வீட்டில் தொலைபேசி இல்லை. படத்தைக் காட்டிவிட்டுச் சற்று நேரம் வாயைத் திறக்காதீர்கள்.

அதோடு விட்டுவிட்டால் ‘கூட்டம்தான் கெட்டது’ என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். படத்தில் இல்லாத ஆள் யார் என்று கேளுங்கள். அவளைப் பள்ளிக்குள் விடாமல் மறித்தது தேசியக் காவற்படை; அந்தப் படையை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர் மாநில ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ். அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பிய பிறகுதான் ஒன்பது மாணவர்களும் நிம்மதியாக இல்லாவிட்டாலும் உள்ளே உட்கார்ந்து படிக்கவாவது முடிந்தது.

அப்புறம் வர்ஜீனியாவுக்கு வாருங்கள். என் கணக்கில் பாடமே இங்கேதான் இருக்கிறது. அங்கே பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 1951-ல் பார்பரா ஜான்ஸ் என்ற பதினாறு வயது மாணவி, ஒழுகும் தற்காலிகக் கொட்டகைகளில் நடந்த வகுப்புகளை எதிர்த்து வகுப்புப் புறக்கணிப்பு நடத்தினாள். அதிலிருந்து பிறந்த வழக்கும், அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954-ன் பிரவுன் தீர்ப்பில் சேர்ந்தது. கவுண்டி நிர்வாகம் என்ன செய்தது? 1959-ல் அரசுப் பள்ளிகளுக்குப் பணமே ஒதுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் பூட்டு. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி வந்தது. கட்டணத்துக்கு அரசுப் பணமும் கைகொடுத்தது. கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீட்டுக்குப் போனார்கள், பலர் படிப்பையே விட்டார்கள். 1964-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பள்ளிகள் திறந்தன.

இங்கே ஒரு கணக்கு கொடுங்கள்: பூட்டியபோது ஏழு வயதாக இருந்தவன் திறந்தபோது எந்த வகுப்பில் உட்காருவான்? பக்கத்தில் யார் இருப்பார்கள்? இதை அவர்களே போடட்டும். உதவாதீர்கள்.

1956-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பிரவுன் தீர்ப்பை எதிர்த்துக் கையெழுத்திட்ட தென்மாநில அறிக்கையை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். ‘இதெல்லாம் தெற்கில்தானே சார்’ என்று ஒரு கை கட்டாயம் உயரும். அதற்கென்றே வடக்கில் இருக்கும் பாஸ்டனின் 1974-ஐக் கையில் வைத்திருங்கள்: கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள் மீது அங்கே கல்லெறிந்தார்கள்.