ஒன்றரை கிரவுண்டு மனை, ஐந்தரை மீட்டர் கொல்லை: மெல்போர்னில் புதிதாக வீடு கட்ட வருபவர்களுக்கு

மெல்போர்ன் புறநகரில் 350 சதுர மீட்டர் மனை விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் நாம் முதலில் செய்வது அதை ஊர்க்கணக்குக்கு மாற்றிப் பார்ப்பதுதான். 3,770 சதுர அடி வரும். சென்னைக்காரருக்கு ஒன்றரை கிரவுண்டுக்கு மேல், கோயம்புத்தூர்க்காரருக்கு எட்டரை சென்ட், யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு கிட்டத்தட்ட 14 பேர்ச். ஒன்றரை கிரவுண்டு என்றால் ஊரில் வீடும் கிணறும் நாலு தென்னையும் போக, மாடு கட்டவும் இடம் மிஞ்சும். அந்த நினைப்போடுதான் டார்னீட், ட்ருகனீனா, கிளைட் நார்த், வொல்லர்ட் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மனை பார்க்கக் கிளம்புகிறோம்.

இங்கே அந்தக் கணக்கு எடுபடாது. ஊரில் வீடு மேலே போகும். இங்கே பெரும்பாலும் தரைத்தளம் மட்டும்தான், நாலு படுக்கையறையும் பக்கவாட்டில் பரவும். போதாததற்கு இரண்டு கார் நிற்கிற கராஜ் வேறு. வீட்டின் பரப்பை 'ஸ்கொயர்' என்று சொல்வார்கள். நம் மேஸ்திரி சொல்லும் சதுரம்தான் அது, 100 சதுர அடி. ஆனால் 22 ஸ்கொயர் என்றால் கராஜ், முன்வாசல், பின்னால் ஆல்ஃப்ரெஸ்கோ என்கிற கூரை போட்ட தாழ்வாரம் எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஒரு தடவை காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மனை 12.5 மீட்டர் அகலம், 28 மீட்டர் நீளம். முன்னால் 4 மீட்டர் விட வேண்டும். கராஜ் சுவரை ஒரு பக்க எல்லையிலேயே எழுப்பிவிட்டு, மறுபக்கம் 1.2 மீட்டர் சந்து விடுவார்கள். 22 ஸ்கொயர் சொச்சம் வருகிற வீடு 18.5 மீட்டர் நீளத்துக்குப் போகும். பின்னால் மிஞ்சுவது ஐந்தரை மீட்டர். அதுதான் உங்கள் கொல்லை. அதுவும் முழுசாக உங்கள் கைக்கு வராது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அதிகாரபூர்வமான படிகளை ஓடிச் சொல்லிவிடுகிறேன், எல்லா ஏஜென்ட்டும் சொல்வதுதான். தற்காலிக விசாவில் இருப்பவர்கள் 2025 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை பழைய வீடு வாங்க முடியாது, ஒரு சில விதிவிலக்குகள் தவிர. காலி மனை வாங்கலாம். அதற்கு வெளிநாட்டு முதலீட்டு அனுமதி வேண்டும், நாலு வருஷத்துக்குள் வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும், மெல்போர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தில் முத்திரைத் தீர்வைக்கு மேல் 8 சதவீதம் கூடுதல் வரியும் உண்டு. நிரந்தர வசிப்புரிமை இருந்து முதல் வீடு கட்டினால் 7,50,000 டாலர் வரையிலான புது வீட்டுக்கு 10,000 டாலர் மானியம். பழைய வீட்டுக்கு அந்த மானியம் கிடையாது. நம்மவர்கள் ஏன் இந்தப் புதுப்பேட்டைகளிலேயே போய்க் குவிகிறார்கள் என்பதற்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது. உட்பிரிவு இன்னும் பதிவாகாத மனைக்கு முன்பணம் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, 20,000 டாலரும் அதற்கு மேலும் போகிற கட்டுமான ஒப்பந்தத்துக்கு 5 சதவீதம். கையெழுத்துப் போட்டபின் மனசு மாறினால் மனை ஒப்பந்தத்தை 3 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். பத்திர வேலை பார்க்கிற கன்வேயன்சரை கையெழுத்துக்கு முன்பே பிடியுங்கள். போட்ட பிறகு அவர் காகிதம் தள்ளத்தான் முடியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

என் நண்பர் ஒருவர் தூத்துக்குடிக்காரர். மீன் இல்லாமல் சோறு இறங்காது. இந்த ஊர்ப் புது வீடுகளில் அடுப்படி, கூடம், சாப்பாட்டு மேசை எல்லாம் ஒரே வெளி. நெத்திலி வறுத்தால் சோஃபா மூன்று நாள் மணக்கும். அதனால் கொல்லையில் ஒரு அடுப்பங்கரை போடுவது என்று வீடு கட்டும்போதே முடிவு. சாவி வந்த பிறகு பின்வேலி வரைக்கும் கான்கிரீட் போட்டார், நாலு கம்பம் நட்டார், மேலே தகரக் கூரை, கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி. பொறாமைப்படும்படி இருந்தது. நானும் அங்கே வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக் கழிவறை எதுக்களித்தது. குடிநீர் வாரியத்து ஆள் சாக்கடைக் குழாயின் மூடியைத் தேடிக்கொண்டு வந்தார். வரைபடத்தில் அது நண்பரின் கொல்லை மூலையில் இருக்கிறது. நேரில் பார்த்தால் அந்த இடத்தில் அடுப்பு. கான்கிரீட்டுக்கு அடியில் மூடி, மூடிக்கு அடியில் தெருவின் பாதி வீடுகளுக்கான குழாய். வாரியத்துக்காரர்கள் உடைத்தார்கள். பிறகு கவுன்சிலிலிருந்து (நம் ஊர் நகராட்சி மாதிரி) கடிதம் வந்தது: கூரை அனுமதியில்லாத கட்டடம், அகற்றவும். அகற்றின செலவும் அவர் தலையில்தான் விழுந்தது. எவ்வளவு ஆயிற்று என்று என்னிடம் இன்றுவரை சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை என்று கேள்வி.

இதற்குப் பெயர் ஈஸ்மென்ட். மனை உங்களுடையது, பத்திரம் உங்கள் பெயரில், வரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனால் அந்த ஒரு பட்டைக்குள் குழாய் போகிற உரிமை வேறொருவருக்கு. கவுன்சில், குடிநீர் வாரியம் ஆகியோரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் அதன் மேல் எதையும் கட்டக் கூடாது. ஊரில் மனைக்குள் குழாய் போனால் நாம் சும்மா விடுவோமா? இங்கே அது சர்வசாதாரணம், அதிலும் பெரும்பாலும் பின்வேலி ஓரமாகத்தான் ஓடும். அதாவது மிஞ்சின ஐந்தரை மீட்டரில் 2 மீட்டர் போயிற்று. மழைநீருக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று என்று இரண்டும் சேர்ந்தால் இன்னும் அகலம். பழைய புறநகர்களில், ஆயிரம் சதுர மீட்டர் மனை இருந்த காலத்தில், இந்த 2 மீட்டரை யாரும் கவனித்திருக்கவே மாட்டார்கள். ஏதோ செடி முளைத்துக் கிடக்கும். மனை சுருங்கிவிட்டது, குழாயின் அகலம் சுருங்கவில்லை.

எனக்கு எரிச்சல் மூட்டுவது என்னவென்றால் இதில் யாரும் பொய் சொல்லவில்லை. விற்பனை அலுவலகத்துப் பையன் "பின்னாடி ஒரு ஈஸ்மென்ட் இருக்கு சார், எல்லா மனைக்கும் இருக்கிறதுதான்" என்று சொல்லியிருக்கிறான். உண்மைதான். செக்‌ஷன் 32 என்கிற விற்பவர் அறிக்கையிலும் இருந்தது, நூற்றுக்கணக்கான பக்கங்களில் எங்கோ. நண்பர் திறந்தது விலைப் பக்கத்தை மட்டும்.

நீங்கள் திறக்க வேண்டியது 'பிளான் ஆஃப் சப்டிவிஷன்'. முதல் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும். E-1, E-2 என்று குறியீடு, பக்கத்தில் எதற்காக (மழைநீர், கழிவுநீர்), எத்தனை மீட்டர் அகலம், யாருக்குச் சாதகமாக என்று வரிசையாக வரும். பிறகு உங்கள் மனை எண் இருக்கிற பக்கத்துக்குப் போனால் எல்லைக்கோட்டுக்கு உள்ளே ஒரு விட்டுவிட்டுப் போகும் கோடு, பக்கத்தில் பொடி எழுத்தில் அதே E-1. அது பின்னாலா, பக்கவாட்டிலா என்று பாருங்கள். பக்கவாட்டில் இருந்தால் வீடே ஒடுங்கும், பின்னால் இருந்தால் கொல்லை. கடைசிப் பக்கங்களில் கட்டுப்பாடுகள் இருக்கும்: எந்தப் பக்கச் சுவர் எல்லையில் வரலாம், வேலி என்ன ரகம், தெருவிலிருந்து துணிக்கொடி தெரியக் கூடாது என்பது வரைக்கும். மனை 300 சதுர மீட்டருக்குக் கீழே என்றால் 'ஸ்மால் லாட் ஹவுசிங் கோட்' என்ற தனி விதி. அதற்குள் அடங்கினால் திட்ட அனுமதியே வேண்டாம். உங்களுக்குச் சௌகரியம், பக்கத்து மனைக்காரருக்கும் அதே சௌகரியம்.

அந்தப் பக்கத்து மனையைப் பற்றியும் கவலைப்பட வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் கிழக்கு பார்த்த மனைக்கு அடித்துக்கொள்கிறார்கள். வாஸ்து பார்ப்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை, ஆனால் இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும். இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 29 பாகைக்கு மேல் ஏறாது. 1.8 மீட்டர் வேலி உங்கள் கொல்லைக்கு வடக்கே இருந்தால் அதன் நிழலே மூன்றேகால் மீட்டர் விழும். அந்தப் பக்கம் மாடி வீடு வந்து சுவர் 6 மீட்டர் உயர்ந்தால் நிழல் 11 மீட்டர் நீளும், கொல்லையைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்துவிடும். காலை, மாலையில் இன்னும் மோசம். கொல்லை தெற்கே அமைந்தால் வீட்டின் நிழலே போதும், ஜூலையில் காயப்போட்ட ஜீன்ஸ் ஞாயிறுக்கு ஞாயிறு அப்படியே தொங்கும். கிழக்கு வாசலா, வெயில் விழும் கொல்லையா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். என் மாமியார் இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

மரம் வேண்டும் என்கிறவர்களுக்கு. மெல்போர்னின் மேற்குப் புறநகர்களில் பசால்ட் பாறை, அதன் மேல் களிமண். மழைக்கு உப்பும், கோடையில் வெடிக்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ அவ்வளவு தூரம் அஸ்திவாரத்திலிருந்து தள்ளி வைக்கச் சொல்வார்கள். மூன்றரை மீட்டரில் அதற்கு வழியில்லை. ஈஸ்மென்ட் பட்டையில் வைத்தால் வேர் குழாயைத் தேடிப் போகும். ஒரு வேப்பமரத்து நிழல் இந்தப் பேட்டைகளில் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை, கறுப்புக் கூரைகளுக்கு நடுவே ஜனவரியில் நடந்து பாருங்கள், புரியும். கறிவேப்பிலையைப் பெரிய தொட்டியில் வையுங்கள். குளிர்காலத்தில் அதை கராஜுக்குள் நகர்த்திக்கொள்ளலாம். சில பேட்டைகளில் கொல்லைக் குழாய் ஊதா நிறத்தில் இருக்கும், அது மறுசுழற்சி நீர். செடிக்கு ஊற்றலாம், குடிக்கக் கூடாது. ஊரிலிருந்து வருகிற பெரியவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வாசலில் புல் வளர்கிற அந்தத் துண்டு நிலம் கவுன்சிலுடையது. புல் வெட்டுவது நீங்கள், ஆனால் கார் நிறுத்தினால் அபராதம்.

மாதிரி வீடு பார்க்கப் போகும்போது டேப் எடுத்துப் போங்கள். மாதிரி வீடு நிற்கிற மனையின் அளவைக் கேட்டால் பெரும்பாலும் உங்களுக்கு விற்கிற மனையைவிடப் பெரிதாக இருக்கும். அங்கே ஆல்ஃப்ரெஸ்கோவில் நின்று காப்பி குடித்துவிட்டு மயங்காமல், கூரை விளிம்பிலிருந்து பின்வேலி வரை அளந்து, உங்கள் பிளானில் அதே தூரம் எவ்வளவு என்று அங்கேயே கேளுங்கள். பில்டர் வரைகிற சைட் பிளானில் ஈஸ்மென்ட்டையும் தண்ணீர்த் தொட்டியையும் ஏசியின் வெளி யூனிட்டையும் அளவோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். 1.2 மீட்டர் சந்தில் ஏசியை வைத்துவிட்டால் குப்பைத் தொட்டியை வெளியே இழுக்க வழி இருக்காது. அந்த யூனிட் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் என்று புகார் வரும்.

வேலி 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு வீட்டாருக்கும் பாதிப் பாதி. பக்கத்து மனைக்காரர் யார் என்று தெரியாமல் நீங்களே முழுசாகப் போட்டுவிட்டுப் பிறகு பாதிப் பணத்துக்கு அலையாதீர்கள். போடும் முன் அவருக்கு வேலி நோட்டீஸ் அனுப்ப வேண்டும். முகவரி தெரியாவிட்டால் கவுன்சிலில் கேட்டு வாங்கலாம்.