சரக்கு ராக்கெட் கிளம்புவதைப் பார்க்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

2017 பிப்ரவரி 18, காலை 10:01. ஃபுளோரிடாவில் கென்னடி விண்வெளி மையத்தின் 39ஏ ஏவுதளத்திலிருந்து ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட் கிளம்ப வேண்டிய நேரம். உச்சியில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கான சரக்குகளுடன் டிராகன் கலம். அப்போலோ வீரர்கள் நிலவுக்குப் புறப்பட்ட தளம் அது. 2011-இல் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றபின் அங்கிருந்து நடக்கவிருந்த முதல் ஏவுதல். கரையோரம் முழுக்கக் கூட்டம். கவுண்ட்டவுன் 13 விநாடியில் நின்றது. அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் காலை 9:39-க்கு ராக்கெட் கிளம்பியது. சில விநாடிகளிலேயே தாழ்வான மேகத்துக்குள் மறைந்துவிட்டது. ஏறக்குறைய எட்டு நிமிடம் கழித்து அதே மேகத்தைத் துளைத்துக்கொண்டு ராக்கெட்டின் முதல் அடுக்கு நெருப்போடு இறங்கி, தரையில் செங்குத்தாக நின்றது.

ஏவுதல் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த ஒரு நிகழ்வுக்குள்ளேயே இருக்கிறது. சனிக்கிழமைக்கு மட்டும் திட்டம் போட்டு வந்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. மறுநாளும் பத்து மணிதானே என்று நினைத்தவர்கள் இருந்தால், அவர்கள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மேகத்துக்குள் போனதும் காரை எடுத்தவர்கள், அன்றைய காட்சியின் சிறந்த பகுதிக்கு முதுகைக் காட்டியிருப்பார்கள்.

நேரத்தைப் பற்றிய தவறு

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஏவுதல் நேரத்தை ரயில் நேரம் போல எண்ணுவது. ரயில் தாமதமானால் அரை மணி கழித்தாவது வரும். விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட் பெரும்பாலும் அப்படி வராது.

காரணம் இதுதான். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்வான பாதையில், மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. அந்தப் பாதையை வானத்தில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய வளையமாக நினைத்துக்கொள்ளுங்கள். பூமி அதற்குள் சுழல்கிறது. சுழலும்போது ஏவுதளம் அந்த வளையத்துக்கு நேர் கீழே வருகிற கணத்தில் கிளம்பினால், ராக்கெட் நேராக வளையத்தின் தளத்துக்குள் ஏறிவிடும். தாமதமானால் தளத்தை விட்டு விலகிப் போய்விடும். பாதையை அவ்வளவு திருப்புவதற்கு வேண்டிய எரிபொருள் எந்த ராக்கெட்டிலும் இருக்காது. அதனால்தான் ஃபால்கன் 9-க்கு இந்தப் பயணங்களில் கிடைப்பது ஒரே ஒரு கணம்.

அப்புறம், அந்தக் கணம் நாளுக்கு நாள் முன்னால் நகரும். நட்சத்திரங்களைப் பொறுத்துப் பூமி ஒரு சுற்று முடிக்க 23 மணி 56 நிமிடம்தான் ஆகிறது. அதில் 4 நிமிடம். பூமி நடுவில் சற்றுப் புடைத்திருப்பதால் நிலையத்தின் வளையமும் தினம் 5 டிகிரி அளவுக்கு மேற்கே நகர்கிறது. அதில் சுமார் 20 நிமிடம். மொத்தத்தில் ஒரு நாள் தள்ளிப்போனால் ஏவுதல் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் வரை முன்னதாக வரும். மேலே சொன்ன 10:01, 9:39 ஆனது இப்படித்தான். ஒத்திவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் புதிய நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய நேரத்தை நம்ப வேண்டாம்.

கவுண்ட்டவுன் நின்றால் மறுபடி ஓடும் என்று காத்திருப்பதும் வீண். ஃபால்கன் 9-இல் எரிபொருள் நிரப்புவது கிளம்புவதற்கு 35 நிமிடம் முன்புதான் தொடங்கும். திரவ ஆக்சிஜனை வழக்கத்தைவிடக் கடுங்குளிரில் ஏற்றுகிறார்கள். அது சூடேறினால் விரியும், திட்டமிட்ட அளவு தொட்டியில் கொள்ளாது. நிரப்பத் தொடங்கியபின் நிறுத்தினால், சரக்குப் பயணத்துக்கு அன்று பெரும்பாலும் முடிந்தது. நிறுத்தியவர்கள் மேல் கோபப்படாதீர்கள். 13 விநாடியில் நிறுத்த ஒருவருக்குத் துணிச்சல் வேண்டும், அந்தத் துணிச்சலை நான் மதிக்கிறேன்.

தேதியிலும் ஒரு குழப்பம் உண்டு. 2020-இல் 'எஸ்.எஸ். கல்பனா சாவ்லா' என்று பெயரிட்ட சிக்னஸ் சரக்குக் கலம் வர்ஜீனியாவின் வாலப்ஸ் தீவிலிருந்து கிளம்பியது. உள்ளூர்க் கணக்கில் அது அக்டோபர் 2 இரவு 9:16. உலகப் பொது நேரத்தில் அக்டோபர் 3 அதிகாலை 1:16. இரண்டு தேதிகளும் சரியே. எந்த நேரத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஓட்டல் அறை பதிவு செய்தால் ஓர் இரவு தவறிப்போகும். அதே பயணம் முந்தைய இரவு, கிளம்ப மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, தரைக் கருவிக் கோளாறால் நின்றுபோனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். குறைந்தது இரண்டு உபரி நாட்களாவது கையில் வைத்துக்கொண்டு போவதுதான் நல்லது.

'90 சதவீதம் சாதகம்' என்றால் என்ன

ஏவுதலுக்கு முன் அமெரிக்க விண்வெளிப் படையின் வானிலைப் பிரிவு ஓர் எண் வெளியிடும். 90 சதவீதம் சாதகம் என்று பார்த்ததும், ராக்கெட் போக 90 சதவீத வாய்ப்பு என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது அப்படி இல்லை. ஏவுதளத்தில் இடி, மின்னல், மேகம், தரைக்காற்று பற்றிய விதிகள் அந்த நேரத்தில் மீறப்படாமல் இருக்கும் வாய்ப்பு மட்டும்தான் அந்த எண். மேல்வளிக் காற்று, முதல் அடுக்கு இறங்கும் இடத்தின் வானிலை, இயந்திரக் கோளாறு எதுவும் அதில் சேராது. உங்கள் கண்ணுக்குத் தெரியுமா என்பதும் சேராது. தாழ்ந்த மேகம் பரவிக் கிடந்தாலும் விதிகள் இடம் கொடுத்தால் ராக்கெட் போய்விடும்.

கடலில் ஒரு படகு போதும், எல்லாம் நிற்க. 2014 அக்டோபர் 27 அன்று வாலப்ஸில், சிக்னஸ் கலங்களைச் சுமந்த ஆன்டாரெஸ் ராக்கெட்டின் ஏவுதல் அப்படித்தான் ரத்தானது. தடை செய்த கடல் பகுதிக்குள் ஒரு படகு வந்துவிட்டது. மறுநாள் மாலை ராக்கெட் கிளம்பியது. சுமார் 15 விநாடியில் பழுதாகி, ஏவுதளத்தின் அருகிலேயே விழுந்து பெரும் தீப்பிழம்பாக வெடித்தது. யாருக்கும் காயம் இல்லை. அந்த அபாயப் பகுதியில் ஒருவரும் இல்லாததுதான் காரணம். இன்னும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாமே என்று வேலியைத் தாண்டவோ படகை நகர்த்தவோ டிரோன் பறக்கவிடவோ தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். கரையில் ஏதாவது உடைந்த பாகம் ஒதுங்கியிருந்தாலும் தொடாதீர்கள். அதில் நச்சு எரிபொருள் ஒட்டியிருக்கலாம்.

எங்கே நிற்பது

பழைய குறிப்புகளை நம்பி வாலப்ஸுக்குப் போய்விடாதீர்கள். ஆன்டாரெஸின் முதல் அடுக்கை உக்ரைனில் செய்தார்கள், அதன் எஞ்சின்கள் ரஷ்யாவிலிருந்து வந்தன. 2022-இல் போர் வந்ததும் அந்த வழி அடைபட்டது. கையிலிருந்த கடைசி ராக்கெட் 2023 ஆகஸ்ட்டில் போனது. அதற்குப்பின் 2024-இலிருந்து சிக்னஸும் ஃபால்கன் 9-இல் ஏறி ஃபுளோரிடாவிலிருந்தே கிளம்புகிறது.

ஃபுளோரிடாவிலும் 39ஏ, 40 என்று தளங்கள் வேறு வேறு. எந்தத் தளம் என்று தெரியாமல் இடம் பிடித்தால் பாதிக் காட்சி மரத்துக்கும் கட்டடத்துக்கும் பின்னால் போய்விடும். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள டைட்டஸ்வில்லில் ஸ்பேஸ் வியூ பார்க்கிலிருந்தும் அங்குள்ள பாலத்திலிருந்தும் தண்ணீருக்கு மேல் தெளிவாகத் தெரியும். 39ஏ-க்கு வடக்கே இருக்கும் பிளேயலிண்டா கடற்கரை வெகு பக்கம். ஆனால் இரவில் மூடிவிடுவார்கள், கொசுவும் அதிகம். தெற்கே ஜெட்டி பார்க், 40-ஆம் தளத்தையும் முதல் அடுக்கு திரும்பி இறங்குவதையும் பார்க்க ஏற்றது. ராக்கெட் வடகிழக்கே கடலோரமாகச் சாயும். ஆகவே டைட்டஸ்வில்லில் நின்று கிழக்கே பார்த்தால் அது இடப்பக்கம் விலகிப் போகும். அந்தப் பக்கம் திறந்த வானம் இருக்கிற இடமாகப் பிடியுங்கள்.

கண்ணுக்கு முன்னால் நடப்பதை இழப்பது

நான் முதன்முதலில் பார்த்த ஏவுதலில், கிளம்பும்போது கேமரா திரையில்தான் என் கண் இருந்தது. இரவு நேரம். தானியங்கி ஃபோகஸ் இருட்டில் தடுமாறியது, வெளிச்சம் வந்ததும் படம் முழுக்க வெள்ளையானது. சரி பண்ணி நிமிர்ந்தபோது ராக்கெட் பாதி வானம் ஏறிவிட்டது. அந்த நெருப்பின் நிறத்தை எந்தத் திரையும் காட்டுவதில்லை. உருகிய உலோகம் போன்ற மஞ்சள், நேரில் பார்க்கக் கண் கூசும். ஊரே பகலான அந்த நொடிகளை நான் தவறவிட்டேன். இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்தான்.

படம் வேண்டும் என்றால் ஒரே ஒரு படம் எடுங்கள். கேமராவை முக்காலியில் பூட்டுங்கள். தூரத்து விளக்கு ஒன்றில் ஃபோகஸ் செய்து அதை மேனுவலுக்கு மாற்றுங்கள். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 11, ஷட்டர் இரண்டு மூன்று நிமிடம் திறந்தபடி. கிளம்பியதும் ரிமோட்டை அழுத்திவிட்டு வானத்தைப் பாருங்கள். நெருப்புக் கோடு ஒரே வில்லாகப் பதியும். கைபேசி மட்டும் இருந்தால் வீடியோவை ஓடவிட்டு எங்காவது சாய்த்து வையுங்கள். பகல் ஏவுதலில் பைனாகுலர் வைத்துக்கொண்டு ராக்கெட்டைத் தொடர்ந்தால், சூரியன் இருக்கும் பக்கம் வந்ததும் உடனே கண்ணிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு கணம் போதும் விழித்திரை கெட.

சத்தத்துக்காகக் காத்திருக்காததும் ஒரு தவறு. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறக்குறைய மூன்று விநாடி ஆகும். 20 கிலோமீட்டர் தள்ளி நின்றால், ராக்கெட் கிளம்பி ஒரு நிமிடம் வரைக்கும் அமைதிதான். அந்த அமைதியில் பலர், அவ்வளவுதானா என்று பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அப்போதுதான் முதலில் ஓர் உறுமல், பிறகு மார்புக்கூட்டில் படபடவென அடிக்கிற அதிர்வு வரும். முதல் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் இருந்தால் அது முழுசாகக் கிடைக்கும்.

இரண்டரை நிமிட அளவில் முதல் அடுக்கின் நெருப்பு அணையும். முடிந்தது என்று எண்ண வேண்டாம், சில விநாடிகளில் இரண்டாம் அடுக்கு பற்றிக்கொள்ளும். சூரியன் மறைந்த அரைமணி, ஒரு மணிக்குள் கிளம்பினால், கீழே இருட்டும் மேலே வெயிலுமாக இருக்கும். அப்போது புகை விரிந்து நீல வெள்ளையில் ஜெல்லி மீன் போல ஒளிரும். அப்படி ஒரு மாலை ஏவுதல் வாய்த்தால் வேலையை விட்டாவது போங்கள்.

முதல் அடுக்கு கடலில் மிதக்கும் மேடையில் இறங்குகிறதா, கேப் கனாவெரலுக்கே திரும்புகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். கரைக்குத் திரும்புகிறது என்றால் எட்டு நிமிடம் நின்ற இடத்திலேயே இருக்க வேண்டும். அடுக்கு இறங்குவது முதலில் கண்ணுக்குத் தெரியும். அது தரையைத் தொட்ட பிறகுதான் வெடி வெடித்தது போல சோனிக் பூம், அதாவது ஒலியை மிஞ்சிய வேகத்தில் வந்ததால் எழும் அதிரொலி, அடுத்தடுத்து வந்து விழும். குழந்தைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள்.

அப்புறம் உடனே காரைக் கிளப்ப வேண்டாம். எல்லாரும் அதே நேரத்தில் அதே பாலத்தில் ஏறுவார்கள். தண்ணீர், சாப்பிட ஏதாவது, கொசு மருந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அந்த நேரத்துக்குள் சரக்குக் கலம் பூமியின் பெரும்பகுதியைச் சுற்றிவிடும்.

கலம் நிலையத்தைப் பிடிக்கப் பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். டிராகன் இப்போது தானாகவே போய் இணைகிறது. சிக்னஸை நிலையத்தில் இருப்பவர்கள் கனடா செய்த இயந்திரக் கையால் பிடித்து இழுக்கிறார்கள். அதை நாசாவின் நேரலையில் பார்க்கலாம். இடையில் உங்கள் ஊருக்கு மேலே நிலையம் எப்போது கடக்கும் என்று நாசாவின் செயலியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தியிலோ விடியலுக்கு முன்போ பளிச்சென்று ஒரு புள்ளி சத்தமின்றி நகரும். அது போன பிறகும் சில நிமிடம் அதே பாதையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். வானம் தெளிவாக இருந்து, கலமும் அருகே வந்திருந்தால், மங்கலான இன்னொரு புள்ளி அதே வழியில் வரும்.