பழைய டீசல் ஜீப்பை வீட்டிலேயே பார்த்துக்கொள்வது எப்படி: முதலில் பராமரிப்பு, அப்புறம்தான் மாற்றம்

எம்எம்540, கமாண்டர், மேஜர் மாதிரி பழைய மஹிந்திரா டீசல் ஜீப் ஒன்று கைக்கு வந்ததும் நிறையப் பேர் முதலில் ஓடுவது டயர் கடைக்கும் பம்பர் செய்பவரிடமும்தான். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். சுத்தமான டீசல், சுத்தமான காற்று, சரியான சூடு, சரியான ஆயில் இந்த நான்கும் கிடைத்தால் இந்த வண்டிகள் இன்னும் பல வருஷம் ஓடும், கிடைக்காவிட்டால் எவ்வளவு பெரிய டயர் போட்டும் மேட்டில் ஏறாது. சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள். பாறையும் பள்ளமுமான அந்தப் பாதையில் தினமும் ஆள் ஏற்றிப் போகிற வண்டிகளை ஏற்றிவிடுவது அலங்காரம் இல்லை, ஒழுங்கான பராமரிப்புதான்.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த எஞ்சின் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பாதி வேலை அதைப் பொறுத்துத்தான். 1979-ல் மஹிந்திரா பிரான்சின் பெஜோவிடம் உரிமம் வாங்கிச் செய்யத் தொடங்கிய எக்ஸ்டிபி 4.90 எஞ்சின் ஒரு வகை: நான்கு சிலிண்டர், 90 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 2112 சிசி. இதில் டீசல் நேராக பிஸ்டன் மேல் விழாது, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டில் இருக்கும் சின்ன அறையில் எரிந்துதான் உள்ளே வரும். அதனால் குளிரில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக் கட்டாயம் வேண்டும். பிற்பாடு வந்த 2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்‌ஷன்) எஞ்சினில் டீசல் நேரே பிஸ்டன் மேல்தான் தெளிக்கப்படும். அது சத்தம் அதிகம், ஆனால் சிக்கனம், காலையில் லேசாக ஸ்டார்ட் ஆகிவிடும். பழைய ஜீப்பில் எஞ்சின் மாறியிருப்பது சாதாரணம், எனவே ஆர்சியில் இருப்பதை மட்டும் நம்பாமல் பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணையும் பாருங்கள்.

சாமான் என்று பார்த்தால் ரிங் ஸ்பேனர் செட், சாக்கெட் செட், ஃபீலர் கேஜ், கிரீஸ் கன், மல்டிமீட்டர், ஒரு டார்க் ரெஞ்ச், இரண்டு நல்ல ஜாக் ஸ்டாண்ட் போதும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது, செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது, திடீரென்று நொறுங்கிவிடும். இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது, டீசலைத் தெளிக்கும் முனையான நாசிலுக்குப் போகும் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அங்கே அழுத்தம் நூறு பாருக்கு மேல், டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அது அறுவை சிகிச்சையில் முடிகிற காயம். ஒரு அட்டைத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் போதும்.

இப்போது டீசல். பழைய ஜீப்பின் வியாதிகளில் பெரும்பாலானவை டேங்க்கில்தான் தொடங்குகின்றன. இருபது முப்பது வருஷத் துருவும் தண்ணீரும் டேங்க் அடியில் படிந்திருக்கும், மேட்டில் வண்டி ஆடும்போது அது கலங்கி மேலே வந்து ஃபில்டரை அடைத்துவிடும். சமதளத்தில் நன்றாக ஓடி மேட்டில் மட்டும் இழுக்காமல் நிற்கிற வண்டிக்கு, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் டேங்க்கைக் கழற்றிக் கழுவுங்கள். டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். வெடிப்பு விட்ட ஹோஸில் டீசல் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும், இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் பத்து தடவை அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

இரட்டை ஃபில்டர் உள்ள வண்டியில் முதலாவது துணி ஃபில்டர், இரண்டாவது பேப்பர் ஃபில்டர். இரண்டையும் மாற்றும்போது பழைய ரப்பர் வாஷர் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், அதை எடுக்காமல் புதியதைப் போட்டால் காற்று இழுக்கும். மாட்டி முடித்ததும் ஏர் எடுக்க வேண்டும், அதாவது உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பிலோ ஃபில்டர் தலையிலோ இருக்கும் கைப்பம்பை அடியுங்கள். முதலில் வெறும் காற்று, அப்புறம் நுரை, அப்புறம் நுரையும் டீசலும் மாறி மாறி வரும். கம்பி மாதிரி தெளிந்த டீசல் வரும்வரை விடக் கூடாது. அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குங்கள், நிறுத்திவிட்டு இறுக்கினால் கொஞ்சம் காற்று திரும்பவும் உள்ளே போய்விடும். பம்பில் தனி ஏர் ஸ்க்ரூ இருந்தால் அங்கேயும் இதேதான். அதற்கும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் பக்கத்து நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, துணியைச் சுற்றி, செல்ஃப் அடித்து, டீசல் துப்புவதைப் பார்த்து ஒவ்வொன்றாக இறுக்குங்கள். செல்ஃபைப் பத்து பதினைந்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், ஒரு நிமிஷம் ஆறவிட்டு அடியுங்கள்.

பம்பையும் நாசிலையும் வீட்டில் பிரிக்காதீர்கள், அது டீசல் பம்ப் கடைக்காரர் டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. குறிப்பாக, இழுவை வேண்டும் என்று பம்ப் ஸ்க்ரூவை ஏற்றிவிடுகிற பழக்கம் வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்று அவ்வளவுதான், டீசலை மட்டும் கூட்டினால் கரும்புகையும் சூடும்தான் மிச்சம். புகையின் நிறமே நிறையச் சொல்லும்: கருப்பு என்றால் காற்று குறைவு அல்லது டீசல் அதிகம், நீலம் என்றால் ஆயில் எரிகிறது, காலையில் மட்டும் வெள்ளை என்றால் ஹீட்டர் பிளக் பக்கம் பாருங்கள், சூடான பிறகும் வெள்ளைப் புகை, கூடவே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்.

ஹீட்டர் பிளக் சோதிக்க மெக்கானிக் தேவையில்லை. பிளக்குகளை இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பிளஸ்ஸில் இருந்து ஒரு 12 வோல்ட் 21 வாட் பல்பு வழியாக ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டுப் பாருங்கள். பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறுபடவில்லை, எரியாவிட்டால் அந்த பிளக் போய்விட்டது. நான்கும் நன்றாக இருந்தும் சூடேறவில்லை என்றால் ரிலேயும் எர்த்தும்தான் பாக்கி.

காற்று பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எஞ்சினை வேகமாகக் கொல்வது தூசிதான். ஆயில் பாத் ஏர் கிளீனர் (கிண்ணத்து ஆயிலில் தூசியைப் பிடிக்கும் வகை) இருந்தால் கிண்ணத்தில் குறித்த கோடு வரை எஞ்சின் ஆயில், புழுதிப் பாதையில் ஓடினால் வாரம் ஒருமுறை பார்த்து சேறு படிந்திருந்தால் மாற்றுங்கள். கோட்டுக்கு மேல் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை இழுத்து எரித்துத் தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டு, அப்போது சாவியைத் திருப்பினாலும் நிற்காது. ஃபில்டருக்கு அப்புறம் இருக்கும் ஹோஸைக் கழற்றி உள்ளே ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டித் தூசி போகிறது, கிளாம்பையும் ஹோஸையும் அன்றைக்கே மாற்றுங்கள்.

அடுத்து சூடு. எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடுகிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இது தவறு. டீசல் எஞ்சின் தன் சூட்டுக்கு வராமல் ஓடினால் எரியாத டீசல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் இறங்கும், தேய்மானம் கூடும், டீசலும் அதிகம் குடிக்கும். ஊட்டி, வால்பாறை மாதிரி இடத்தில் காலையில் ஓட்டுபவர்களுக்கு இது இன்னும் மோசம். சூடு ஏறுகிறது என்றால் காரணம் ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், காணாமல் போன ஃபேன் ஷ்ரௌட் (ஃபேனைச் சுற்றியிருக்கும் கூடு) இதில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் சூடாக்கிப் பாருங்கள், கொதிப்பதற்கு முன்னால் திறந்தால் நல்லது, திறக்காவிட்டால் புதியது வாங்கிப் போடுங்கள். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், இரும்பு பிளாக் உள்ளிருந்து துருப்பிடிப்பது அப்போதுதான் குறையும்.

எஞ்சின் ஆயிலுக்கு டீசலுக்கான 15டபிள்யூ40 போதும், விலை உயர்ந்தது வேண்டாம், ஆனால் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். குறைவாக ஓடினாலும் வருஷத்துக்கு ஒருமுறை. அதோடு டேப்பட்டும், அதாவது வால்வு இடைவெளியும் பார்க்கலாம், எஞ்சின் ஆறியிருக்கும்போது. வெடிக்கும் வரிசை 1-3-4-2. நான்காவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கிற கட்டத்தில் ஆடும்போது முதல் சிலிண்டரின் இரண்டையும் செட் செய்யலாம். முதலாவது ஆடும்போது நான்காவது, இரண்டு ஆடும்போது மூன்று, மூன்று ஆடும்போது இரண்டு. இடைவெளி எவ்வளவு என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், உங்கள் எஞ்சினின் மேனுவலில் இருப்பதை மட்டும் வையுங்கள். ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்துக்கொண்டு வெளியே வர வேண்டும்.

கியர்பாக்ஸ், இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன் (அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) என்று நான்கு இடத்தில் கியர் ஆயில் இருக்கிறது, நிறையப் பேர் முன் கிரவுனை மறந்தே விடுகிறார்கள். ஆயில் இறக்கும் முன் மேலே நிரப்பும் பிளக் கழலுகிறதா என்று பாருங்கள், கீழே இறக்கிவிட்டு மேலே கழலாவிட்டால் வண்டி அப்படியே நின்றுவிடும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். சூடான அச்சு ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துவிடும். கிரவுன் மேல் இருக்கும் காற்றுத் துவாரமான பிரீத்தர் அடைத்திருந்தால் இது நிச்சயம் நடக்கும். பிரீத்தரில் ஒரு ஹோஸ் மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், இந்த வண்டியில் மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மிக உருப்படியான மாற்றம் இதுதான்.

பிரேக்கில் ஒரு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். பூஸ்டர் (பெடல் மிதியை லேசாக்கும் கருவி) உள்ள டீசல் ஜீப்புகளில் பூஸ்டருக்கு வேண்டிய வேக்கம் (வெற்றிட இழுப்பு), பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் பின்னால் ஒட்டியிருக்கும் வேக்கம் பம்பில் இருந்துதான் வருகிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜிங் மட்டுமல்ல, பிரேக் உதவியும் போய் பெடல் கல்லாகிவிடும். மலையில் இறங்கும்போது சார்ஜ் லைட் எரிந்தால் உடனே கீழ் கியருக்கு வந்து ஓரம் கட்டுங்கள், வண்டியில் எப்போதும் ஒரு பெல்ட் உபரியாக இருக்கட்டும். அந்த பம்புக்கு எஞ்சின் ஆயில் போகும் சின்ன ஹோஸையும் அடிக்கடி பாருங்கள், அது கிழிந்தால் எஞ்சின் ஆயில் முழுக்க ரோட்டில் போய்விடும். டிரம் பிரேக் தண்ணீரில் நனைந்தால் பிடிக்காது, ஓடையைத் தாண்டியதும் பெடலை லேசாக மிதித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டிக் காயவையுங்கள்.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு எல்லோரும் பாக்ஸைத்தான் குறை சொல்வார்கள். ஒருவரை உட்காரவைத்து வீலை இடமும் வலமும் லேசாகத் திருப்பச் சொல்லிவிட்டு கீழே படுத்துப் பாருங்கள், டை ராட் எண்ட், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் ஆணி), ஸ்பிரிங் புஷ், ஷேக்கிள் (ஸ்பிரிங் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பட்டை) இதில் எது முதலில் ஆடுகிறதோ அதை மாற்றுங்கள். தேய்ந்த கிங் பின்னை விட்டுவிட்டு பவர் ஸ்டியரிங் மாட்டினால் ஆட்டம் அப்படியே இருக்கும், உங்கள் கைக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

இவ்வளவும் முடிந்தால் மாற்றங்களுக்கு வரலாம். முதலில் சட்டம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. எஞ்சின் மாற்றுவதற்கு ஆர்டிஓ அனுமதி முன்கூட்டியே வேண்டும். முன் பம்பரில் மாட்டும் இரும்புச் சட்டமான புல் பாருக்கும் 2017 கடைசியில் தடை வந்துவிட்டது. 15 வருஷம் தாண்டிய வண்டி எஃப்சிக்கு (தகுதிச் சான்றிதழ் சோதனை) போக வேண்டியிருக்கும் என்பதால், திரும்பக் கழற்றக்கூடிய மாற்றங்களை மட்டும் செய்வதுதான் என் வழி.

டயரில் 6.00-16 போட்ட வண்டிக்கு 15 அங்குல ரிம்மில் 235/75 ஆர்15 நன்றாகப் பொருந்தும், இரண்டின் உயரமும் ஏறக்குறைய 730 மி.மீ., எனவே கியர் இழுவையும் ஸ்பீடோமீட்டரும் மாறாது, அகலம் மட்டும் கூடும். 31 அங்குல டயர் இதைவிட ஏழு சதவீதம் உயரம் அதிகம், 2112 சிசி எஞ்சினுக்கு அந்த ஏழு சதவீதமே மேட்டில் ஒரு கியர் குறைந்த மாதிரி தெரியும். எதைப் போட்டாலும் நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். இல்லாவிட்டால் ஃபோர் வீலில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கிக்கொள்ளும். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு ஓட்டக் கூடாது என்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

லைட் மங்கலாக இருந்தால் கூரை மேல் வரிசை கட்ட வேண்டாம். பழைய வயரிங்கில் ஹெட்லைட் கரன்ட் முழுக்க சுவிட்ச் வழியாகப் போய் வோல்டேஜ் பாதியிலேயே விழுந்துவிடும். பேட்டரியில் இருந்து ஃபியூஸ், 2.5 சதுர மி.மீ. வயர், லோவுக்கு ஒன்று ஹைக்கு ஒன்று என இரண்டு ரிலே, நல்ல எர்த். சாதாரண 60/55 வாட் எச்4 பல்பே அப்போது கண்ணைக் கூசும்.

ஸ்பிரிங்கில் உயரம் கூட்ட நினைப்பவர்கள் ஷேக்கிளை நீட்டுவதற்குப் பதில் ஓய்ந்துபோன பட்டைகளைப் பட்டறையில் கொடுத்து வளைவு ஏற்றி, புது புஷ் போட்டாலே வண்டி தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். நீளமான ஷேக்கிள் முன் அச்சின் கோணத்தைக் கெடுத்து ஸ்டியரிங்கை அலைய வைக்கும். ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதைத் திரும்பப் போடாதீர்கள், புதியதைப் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போது குறுக்கு வரிசையில் இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் கரடுமுரடில் ஓடிய பிறகு மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் இறங்கியிருக்கும்.