காமம் இறுகும் இடம்: பித்தை எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

மதுரைப் பக்கத்தில் சிறுகதை எழுதிப் பழகுகிறவர்களிடம் காதல் கதைக்குப் பஞ்சமே இல்லை. அந்தக் காதல் பித்தாகத் திரும்பும் இடத்தில்தான் நல்ல கைப்பிரதிகளும் சறுக்குகின்றன. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். காதல் அளவுக்கு மீறினால் பித்து என்று நினைத்துக்கொண்டு, ‘உயிருக்கு உயிராய்’, ‘வெறித்தனமாய்’ என்று சொற்களைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள்.

குறுந்தொகை 17ஆம் பாடலில் பேரெயின் முறுவலார் இதற்குச் சரியான சொல்லை வைத்திருக்கிறார்: ‘காமம் காழ்க்கொளினே’. காழ் என்பது மரத்தின் உள்ளே இறுகிப்போன வைரம். காமம் பெருகினால் என்று அவர் சொல்லவில்லை, இறுகினால் என்கிறார். அப்படி இறுகியவர்கள் பனைமடலைக் குதிரை என்று ஏறுவார்கள், எருக்கம் மொட்டைப் பூவென்று சூடுவார்கள், தெருவில் ஊர் வாயில் விழுவார்கள். நாலே அடி, அத்தனையும் செயல். எவ்வளவு ஆசை என்று அளந்து சொல்லும் சொல் ஒன்றுகூட இல்லை.

ஆகவே செயலைத் தேடுங்கள், அதுவும் உங்கள் பாத்திரத்தின் கைத்தொழிலுக்குள்ளேயே. தெற்காவணி மூலவீதிப் பக்கம் ஒரு சந்தில் நகைப் பட்டறை வைத்திருக்கும் பத்தர் ஒருவரை வைத்துக்கொள்வோம். ஒரு பெண் ஏழுகல் தோட்டைக் கொண்டுவருகிறாள், திருகாணி நிற்கவில்லை. முதல் தடவை ஒழுங்காக மரை போட்டுக் கொடுக்கிறார். அடுத்த தடவை மரையை அரத்தால் ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்துவிடுகிறார், ஒரு மாதத்தில் திரும்ப வருவாள் என்று. வருகிறாள். “ஏன் பத்தரே, போன மாசந்தானே போட்டுக் குடுத்தீங்க?” என்கிறாள். “பழைய தோடும்மா, தேயத்தான் செய்யும். வச்சுட்டுப் போங்க, நாளைக்குத் தர்றேன்” என்கிறார். காதல் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் அந்த அரத்தின் ஒரு இழுப்பில் வாசகருக்கு வயிறு கலங்கிவிடும். 12 பக்கக் கதை என்றால் இந்த இழுப்பு 4ஆம் பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் மிச்சம் உள்ள பக்கங்களில் அது வளர இடம் கிடைக்காது. ஒரே செயல் மூன்று தடவை வரலாம், ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவருக்கு இழப்பு கூட வேண்டும். மூன்றாம் தடவை தோடு தெருவில் விழுந்து தொலையட்டும்.

அடுத்த தவறு, அவளைப் பதில் பேச வைப்பது. அவள் ஒரு சிரிப்புச் சிரித்தாள், திரும்பிப் பார்த்தாள் என்று எழுதிவிட்டால் பித்துக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. ஒருதலைக் காமத்தைச் சொல்லும்போது தொல்காப்பியம் ‘சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்’ என்கிறது. பதில் வரவில்லை, ஆனாலும் பேசிப் பேசி அவனே மகிழ்கிறான். அந்த மகிழ்ச்சிதான் பயங்கரமானது. அவனுக்கு வலிப்பதை மட்டும் எழுதி, இந்தச் சுகத்தை விட்டுவிடுகிறவர்கள் பாதியைத்தான் எழுதுகிறார்கள்.

அதைவிடப் பெரிய தவறு, அவளுக்குத் தனி வாழ்க்கை இல்லாமல் போவது. அவன் கண்ணுக்கு அவள் தோடும் கழுத்துமாக மட்டும் தெரியலாம், எழுதுகிறவருக்கு அப்படித் தெரியக்கூடாது. கதையைத் தொடங்கும் முன்பே அவளுடைய ஒரு நாளை, அவன் இல்லாத ஒரு முழு நாளை, ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எந்த பஸ்ஸில் போகிறாள், யாருக்கு எவ்வளவு கடன் தர வேண்டும், தோடு யாருடையது. தோடு மாமியாருடையது என்று அந்தப் பக்கத்தில் தெரிந்துவிட்டால், அது தொலைந்த அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் கதையில் அப்படியே வர வேண்டியதில்லை. நாலு வரி வந்தால் போதும்.

தினமும் பின்தொடர்வதை அழகாக எழுதுவதும் இதோடு சேர்ந்ததுதான். விருப்பமில்லாத பெண்ணைப் பின்தொடர்வது 2013 முதல் இந்தியச் சட்டத்தில் தனிக் குற்றம். இன்றைக்கு நடக்கும் கதையில் அவள், அவள் அண்ணன், பக்கத்துக் கடைக்காரர் என்று ஒருவருக்குக்கூட போலீஸ் நினைப்பு வரவில்லையென்றால் கதை பொய்யாகிவிடும்.

சின்ன வயதில் அம்மா செத்துப்போனாள், அதனால் இப்படி ஆனான் என்று காரணம் எழுதாதீர்கள். காரணம் கிடைத்ததும் வாசகர் நிம்மதியாகிவிடுகிறார்.

ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கோபுரம், மல்லிகை, ஜிகர்தண்டா மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் அது சுற்றுலாக் கையேடு. மல்லிகை வேண்டுமென்றால் அதன் விலையோடும் நேரத்தோடும் கொண்டுவாருங்கள். விடியும் முன் பறித்த மொட்டு சாயங்காலம்தான் விரியும். மார்கழிக் குளிரில் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். தை முகூர்த்தம் வரைக்கும் இறங்காது. தினமும் ஒரு முழம் வாங்கி யாருக்கும் கொடுக்காமல் பட்டறையில் தொங்கவிடுகிற ஆள், மார்கழியிலும் அதே ஒரு முழம் வாங்குகிறார் என்றால் அவர் வீட்டில் எதைக் குறைக்கிறார்? பால் பாக்கெட்டையா, பிள்ளையின் டியூஷன் பீஸையா? ஊர் அப்படித்தான் கதைக்குள் நுழைய வேண்டும்.

முடிவில் பலரும் அவனைத் தண்டவாளத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள், அல்லது அவளைக் கொன்றுவிடுகிறார்கள். சாவு வந்ததும் இறுகியது எல்லாம் சோகமாகக் கரைந்து, அவன் மேல் இரக்கம் வந்துவிடும். கடைசிப் பக்கத்தை அவனிடமிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சம் இருக்கும் ஒற்றைத் தோட்டை அவள் வேறொரு பட்டறைக்கு எடுத்துப்போகட்டும், ஜோடி செய்ய. அங்கே இருக்கும் வயசான பத்தர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்கட்டும்:

“இந்த மரை தானா தேயலையேம்மா. யாரு இதுல அரம் போட்டது?”