ஊர்ப்படம் வரைய ஆற்றிலிருந்து தொடங்குங்கள்

ஊரை வரையச் சொன்னால் பிள்ளைகள் முதலில் கோயிலையும் தார்ச்சாலையையும் போடுகிறார்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, எங்கள் கோரையாற்றுப் பாசனத்தில் அது சரிவராது. இங்கே வீடும் வயலும் பாதையும் தண்ணீர் போன வழியைப் பார்த்து அமைந்தவை. கல்லணையில் பிரியும் வெண்ணாறு, நீடாமங்கலத்தை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. உங்கள் ஊர் எந்த ஆற்றில் குடிக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதையே முதல் கோடாகப் போடுங்கள்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் உங்கள் தலைமதகுக்கு வந்தபின் நடக்கத் தொடங்குங்கள். கோடையில் பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒன்றுபோலக் காய்ந்து கிடக்கும். சமதரை என்பதால் சரிவு கண்ணுக்குத் தெரியாது. ஒரு பூவரசம் இலையைப் போட்டு, அது மிதந்து போகும் பக்கம் அம்புக்குறி இடுங்கள். தண்ணீர் கடைசியாகச் சேரும் கடைமடை வரை ஒரு மதகையும் விடாதீர்கள்.

வடிகாலுக்குச் சிவப்பு மை. இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். கார்த்திகை மழையில் சம்பா அழுகுவது பெரும்பாலும் தண்ணீர் போக வழியில்லாமல்தான். எங்கள் வயலுக்குக் கீழே வடிகாலைத் தூர்த்து மனை போட்டார்கள். அந்த வருடமே ஐந்து மா நிலத்தின் நடவு பறிபோனது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த பழைய வரைபடத்தில் அந்த வடிகால் தெளிவாக இருந்தது. நாங்கள்தான் முன்பே போய்ப் பார்க்கவில்லை.

குளம், களம், திடல், படுகை, சுடுகாடு, எல்லை ஐயனார் ஆகியவற்றை ஒரே காலையில் குறித்துவிடலாம். வயல்களின் பெயர்களுக்குத்தான் நாள் பிடிக்கும். புளியடிச் செய் எது, கோயில் பங்கு எது என்று பட்டாவில் இருக்காது; நடவு நட்ட பாட்டிமார்களுக்குத் தெரியும். அவர்கள் குடியிருக்கும் தெருவை ஓரத்தில் ஒரு வட்டமாகப் போட்டு முடித்துவிடாதீர்கள், வீடு வீடாக வரையுங்கள். அவர்கள் மா, வேலி என்றுதான் அளவு சொல்வார்கள்: நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட்.

பெருமழை விட்ட மறுநாள் அதே வழியில் திரும்ப நடங்கள். வரப்பு மூழ்கிய செய்களுக்கு நீலம் தீட்டி, வருடத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். என் படத்தில், அந்த மனைக்கு மேற்கே மூன்று செய்கள் வருடந்தோறும் நீலமாகின்றன.