விற்க மனமில்லாதவரிடம் பழைய வீடியோ கேம் மெசின் வாங்க

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் மெசினைக் கண்டவுடன் விலை கேட்காதேயுங்கோ. "விக்கிற நோக்கமில்லைத் தம்பி" என்று கதை முடிந்துவிடும். "ஐயா, இது இப்பவும் வேலை செய்யுதோ?" என்று தொடங்குங்கோ.

யாழ்ப்பாணக் கடற்கரையோரம் இருக்கும் குருநகரில் ஒருவரிடம் மூன்று முறை போனேன். இரண்டாம் முறை பின்கதவைத் திறந்து, போர்டில் பற்றரி கசிந்து பச்சை பூத்திருந்ததைக் காட்டினேன். அந்தக் கசிவு செப்புத் தடங்களைத் தின்றுவிடும், கடற்காற்று வேறு. பற்றரியைக் கூலி வாங்காமல் கழற்றிக் கொடுத்தேன். (படக்குழாய்ப் பக்கம் கை வைக்காதேயுங்கோ, பிளக்கைக் கழற்றிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ற் நிற்கும்.)

மூன்றாம் முறை அவரே விலை சொன்னார். நான் குறைத்துக் கேட்கவில்லை. திருத்தி முடித்ததும் முதல் ஆட்டம் உங்கள் பேரனுக்கு என்றேன். காசுப்பெட்டித் திறப்பை அன்றே கையில் தந்தார்.